துண்டுக்குள் பேசிய விலை

இதை உடனே யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும்.

என் மாமா திருமங்கலத்தில் மாட்டுத் தரகர். பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கை அசையவில்லை. இன்று மதுரை ஆஸ்பத்திரியில் அவருக்குப் புதுப் பயிற்சி.

தலையில் ஒயர்கள் வைத்த தொப்பி, கையில் மோட்டார் வைத்த உறை. கையை மூடுவதாக மாமா நினைத்தால் போதும். தொப்பி அதை மூளையிலிருந்து அறிந்து சொல்ல, உறை விரல்களை மடக்கிவிடும்.

"கைய மூடுறதா நினைங்கய்யா" என்றார் பயிற்சி தரும் பெண்.

மாமா கண்ணை இறுக்கி நினைத்தார். உறை சும்மா கிடந்தது.

"வெறுங்கைய எதுக்கும்மா மூடணும்?" என்று எரிச்சலானவர் என்னைப் பார்த்தார். "மாப்ள, துண்ட மேல போட்டு உன் கைய உள்ள விடு. வெல பேசுவோம்."

சந்தையில் அப்படித்தான். வாய் பேசாது, துண்டுக்கடியில் விரல்கள் பேசும்; எத்தனை விரலைப் பிடிக்கிறார்களோ, அதுதான் விலை.

போட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மோட்டார் முனகியது. மாமாவின் விரல்கள் மெல்ல மடங்கி என் இரண்டு விரல்களைப் பிடித்தன. அந்தப் பெண் கைதட்டியேவிட்டார். நான் சந்தோஷத்தில் பலமாகத் தலையாட்டினேன்.

"என்ன வெல மாமா சொன்னீங்க?"

"துண்டுக்குள்ள பேசுனத வெளிய கேக்கலாமா? தலைய ஆட்டிட்டேல்ல, வியாபாரம் முடிஞ்சுபோச்சு."

எங்கள் அபார்ட்மெண்டில் மாடு கட்ட இடமில்லை. இடம் இருப்பவர்கள் சொல்லுங்கள்.