ஏழாம் குரல்

எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் யார் வந்தாலும் முதலில் கேட்டைச் சாத்துபவர் சந்திரகலா. தெலுக் பங்லிமா காராங்கில் அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் பல வருடம் வேலை பார்த்தவர். வெளியே போகும் பெட்டிகளில் கிழிசல், கோணல், ஒட்டாத மூலை என்று கோளாறு தேடுவதுதான் அங்கே அவர் வேலை. ஓய்வுபெற்ற பிறகும் அந்தக் கண் ஓயவில்லை. மீன்காரர் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தால், மீன் நேற்றையது என்பார். அது பல நாள் உண்மையாகவும் இருந்தது.

பக்கத்தில் தொழிற்சாலைகள், அந்தப் பக்கம் ஜெஞ்சாரோம் வரை செம்பனைத் தோட்டம். அதனாலோ என்னவோ, எங்கள் இடத்துக்கு ஆராய்ச்சியென்று வராத கூட்டம் இல்லை. ஒரு வருடம் கொசுப் பொறி கட்டினார்கள். இன்னொரு வருடம் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். கால்வாய்த் தண்ணீரைப் புட்டியில் பிடித்துக்கொண்டு போனார்கள். தலைக்கு மேல் டிரோன் பறந்தது. எல்லாருடைய சட்டையிலும் ஒரே பல்கலைக்கழகத்தின் முத்திரை.

“நெலத்த எடுக்கப் போறானுங்க. அதுக்குத்தான் ஆள மாத்தி ஆள அனுப்புறானுங்க” என்று சந்திரகலா கணவர் ரெங்கசாமியிடம் சொல்வார். லோரி ஓட்டிக் களைத்துப்போன ரெங்கசாமி இருக்கும் என்றும் சொல்லமாட்டார், இல்லை என்றும் சொல்லமாட்டார்.

அப்படிப்பட்டவர் ஷாமினியை மட்டும் எப்படி உள்ளே விட்டார் என்பது எங்களுக்கே ஆச்சரியம். ஷாமினி பூச்சோங்கைச் சேர்ந்த பெண், மொழித் துறை விரிவுரையாளர். மழைக்கு ஒதுங்கி நின்றவளிடம் என்ன வேண்டும் என்று சந்திரகலா கேட்டிருக்கிறார். இந்தப் பக்கத்து மக்கள் தமிழ் பேசுவதைப் பதிவுசெய்ய வந்ததாக அவள் சொன்னாள். இரத்தம் கேட்டு வந்திருக்கிறார்கள், தண்ணீர் கேட்டு வந்திருக்கிறார்கள். பேச்சைக் கேட்டு அதுவரை யாரும் வந்ததில்லை. சந்திரகலா நாற்காலியை இழுத்துப் போட்டார்.

இரண்டு நாள் மதியம் பேசினார்கள். கடைசியில் ஷாமினி சில வாக்கியங்களைக் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். கிழமைகள், எண்கள், வணக்கம், நன்றி, “தவறாமல் வரவும்” இப்படி. எதற்கு இதெல்லாம் என்று சந்திரகலா கேட்காமல் இல்லை. ஒவ்வோர் எழுத்தும் உங்கள் வாயில் எப்படி வருகிறது என்று பார்க்கத்தான் ஆன்டி என்றாள் அந்தப் பெண். சந்திரகலா சம்மதித்து வாசித்தார்.

அடுத்த வருடம் இராஜம்மாவின் முகம் மாறியது. இரண்டு வீடு தள்ளி இருப்பவர். தொழிற்சாலை வாசலில் சாப்பாட்டுக் கடை போட்டிருந்தார். சந்திரகலாவும் அவரும் சேர்ந்துதான் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போவார்கள். திடீரென்று இராஜம்மா தனியாகப் போக ஆரம்பித்தார். கூப்பிட்டால் காது கேட்காத மாதிரி நடந்தார். கடையில் ஏதோ குளறுபடி, அதை மறைக்கிறாள் என்று சந்திரகலா முடிவு கட்டினார்.

ஒரு காலையில் பாசாரில், காய்கறி மேசைக்கு முன்னால், நாலு பேர் பார்க்க இராஜம்மா நேராகக் கேட்டுவிட்டார்.

“என் வியாதிய வீடு வீடா போன் போட்டுச் சொல்றதுக்கு உனக்கு யாரு சம்பளம் குடுக்குறா?”

நடந்தது இதுதான். இராஜம்மாவுக்குச் சர்க்கரை முற்றி, இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தார். அது மகன் குகனுக்குத் தெரியாது. தெரிந்தால் கடையை மூடச் சொல்லித் தான் இருக்கும் பூச்சோங்குக்கு அழைத்துப் போய்விடுவான் என்ற பயம். ஒரு நாள் குகன் வந்திருந்தபோது கைப்பேசி அடித்தது. இராஜம்மாவின் கையில் மாவு, குகன்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டான். இரத்தப் பரிசோதனைக்கு நாள் தவறிவிட்டது, வரும்போது இன்சுலினைக் கொண்டுவரவும் என்றது ஒரு பெண் குரல். அது சந்திரகலாவின் குரல். குகனுக்கே அது யார் என்று தெரிந்தது.

தான் யாரையும் கூப்பிடவில்லை என்று சந்திரகலா எத்தனையோ விதமாகச் சொன்னார். யாரும் நம்பவில்லை. எனக்கும் வந்தது, எனக்கும் வந்தது என்று இன்னும் சில பெண்கள் சொன்னார்கள். எல்லாரும் ஒரே கிளினிக்குக்குப் போகிறவர்கள். அங்கே சந்திரகலாவுக்கு யாரையோ தெரியும், எல்லார் சமாசாரத்தையும் வாங்கி வைத்திருக்கிறார் என்று பேச்சு கிளம்பியது. அவர் கடைக்குள் நுழைந்தால் மற்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். யாரோ தன்னைப் போலவே பேசி ஏமாற்றுகிறார்கள் என்று அவர் நினைத்தார். பிறகு, இராஜம்மாவே இதைக் கட்டிவிட்டிருப்பாளோ என்றும் நினைத்தார். 

ஒரு மதியம் அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்திருந்த ரெங்கசாமியின் கைப்பேசி ஒலித்தது. அதைக் காதில் வைத்தார். மனைவியின் வாயையே பார்த்தார். பிறகு கைப்பேசியை அவரிடம் நீட்டினார். ரெங்கசாமிக்கு இரத்த அழுத்தம் பார்க்க வேண்டிய நாளை சந்திரகலாவின் சொந்தக் குரல் சொல்லிக்கொண்டிருந்தது. “தவறாமல் வரவும். நன்றி.”

“நீ இங்கதானே இருக்க?” என்றார் ரெங்கசாமி.

சந்திரகலா அந்தக் கடைசி வரியை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். ஒன்று பிடிபட்டது. “மறக்காம வந்துரு” என்று சொல்வாரே தவிர, “தவறாமல் வரவும்” என்று அவர் யாரிடமும் பேசியதில்லை. ஒரே ஒரு முறை வாசித்திருக்கிறார், ஷாமினிக்கு.

முன்கூட்டிச் சொன்னால் ஒளித்துவிடுவார்கள் என்று ஷாமினிக்குத் தகவல் சொல்லவில்லை. மறுநாள் கணவரை அழைத்துக்கொண்டு கிள்ளானுக்குப் போய் ரயில் ஏறி, கேஎல் சென்ட்ரலில் இறங்கி, அங்கிருந்து கிராப் கார் பிடித்துப் பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

அன்று அங்கே ஆராய்ச்சிக் கண்காட்சி. ஷாமினி மண்டபத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். உள்ளே மேசை மேசையாக என்னென்னவோ. செம்பனைக் கழிவில் செய்த பலகை, புண்ணுக்குப் போடும் மீன் செதில் தூள், கண்ணாடிக்குள் கொசு, கோயில் மேளத்தின் ஒலிப்பதிவு. டிரோன் எடுத்த ஒரு படத்தில் எங்கள் கால்வாய் சிவப்பும் மஞ்சளுமாக இருந்தது. பக்கத்து மேசையில் இருப்பது எதற்கு என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார் சந்திரகலா. தெரியாது என்றே எல்லாரும் சொன்னார்கள். அத்தனை பேரும் சொல்லி வைத்தமாதிரி தெரியாது என்றது அவருக்கு இன்னும் உறுத்தியது.

ஷாமினியைக் கண்டதும் விசாரிப்பு எதுவும் இல்லாமல் நேராகக் கேட்டார்.

“என் கொரல யாருக்கு வித்த?”

ஷாமினியின் முகம் வெளிறிப்போனது. பதிவுகளைப் பல்கலைக்கழகத்தின் சேகரத்தில் வைத்ததாகவும் அதற்கு மேல் ஒன்றும் தெரியாது என்றும் சொன்னாள். அந்த முகத்தைச் சந்திரகலா விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நடிப்பு மாதிரித் தெரியவில்லை. ஷாமினி அவர் கையைப் பிடித்துக் கணினித் துறை மேசைக்கு அழைத்துப் போனாள்.

அங்கே இம்ரான் என்ற இளைஞர் இருந்தார். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர். எழுதிக் கொடுப்பதைத் தமிழில் பேசும் இயந்திரத்தை அவர் குழு செய்து, ஒரு தனியார் கிளினிக்கில் சோதித்துக்கொண்டிருந்தது. குரலைச் சேகரத்திலிருந்து எடுத்ததாக ஒளிக்காமல் சொன்னார்.

“எங்களுக்கு ஏழாம் குரல்னு மட்டும்தான் வரும் மேடம். பேரு வராது. இருக்கறதுலயே அதுதான் தெளிவா இருந்துச்சு.”

“கொரலுன்னு ஒன்னு இருந்தா அதுக்கு ஒரு ஆளு இருக்கும்ல தம்பி?”

இம்ரான் ஆமாம் என்றார். பிறகு, மலாய் மொழியில் வரும் குறுஞ்செய்தியைப் படிக்கத் தெரியாத முதியவர்கள் இப்போது ஒழுங்காகக் கிளினிக்குக்கு வருகிறார்கள் என்று மெதுவாகச் சொன்னார். அதைக் கணக்கெடுத்ததும் நீங்கள்தானே என்று கேட்டார் சந்திரகலா. மற்றதைப் பிறகு பேசலாம், முதலில் தாமானுக்கு வந்து இராஜம்மாவிடம் உண்மையைச் சொல்லுங்கள் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஷாமினியும் இம்ரானும் வந்தார்கள். இராஜம்மா கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே கேட்டார். சந்திரகலா கூட்டிவந்த ஆட்கள் சந்திரகலாவுக்காகத்தான் பேசுவார்கள் என்றார். இம்ரான் மடிக்கணினியைத் திறந்து, என்ன சொல்ல வைக்கட்டும் என்று அவரிடமே கேட்டார். இராஜம்மா கம்பி வழியாகச் சந்திரகலாவைக் கைகாட்டினார்.

“எங்கிட்டச் சமையல் கத்துக்கணும்னு சொல்லச் சொல்லு. இவ சாவுற வரைக்கும் அதச் சொல்ல மாட்டா.”

இம்ரான் தட்டினார். நான் இராஜம்மாவிடம் சமையல் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சந்திரகலாவின் குரல் தெருவில் கேட்டது. சந்திரகலா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். இராஜம்மா கணினியைப் பார்த்தார், சந்திரகலாவைப் பார்த்தார். சிரிக்கவில்லை. பூட்டைத் திறந்து, “உள்ள வாங்க, டீ போடுறேன்” என்றார்.

அந்தக் குரலில் வந்த அழைப்புகள் அதோடு நின்றன. வியாதியின் பெயரையோ மருந்தின் பெயரையோ போனில் சொல்வதைக் கிளினிக் விட்டுவிட்டது. பதிவுக்குப் பேச்சுக் கொடுத்த மற்றவர்களின் வீடுகளுக்கும் ஷாமினி நேரில் போய்ச் சொன்னாள். சிலர் எடுத்துவிடச் சொன்னார்கள், சிலர் இருக்கட்டும் லா என்றார்கள். குகனோடு நடந்த சண்டையின் முடிவில் இராஜம்மா பூச்சோங்குக்குப் போகவில்லை. ஆனால் கடை காலையில் மட்டும்தான். அந்த நட்டத்துக்காக அவர் சந்திரகலாவிடம் இன்னும் அவ்வப்போது முறுக்கிக்கொள்கிறார்.

தீபாவளிக்கு ஷாமினி வந்தபோது, கைப்பேசியை அணைத்துவிட்டு உட்காரச் சொன்னார் சந்திரகலா. பதிவை எல்லா இடத்திலிருந்தும் அழித்துவிட்டார்கள் என்று சொல்லத்தான் அவள் வந்திருந்தாள்.

“அழிச்சிட்டோம்னு சொல்ற. அழிச்சத எப்படிக் காட்டுவ?”

 “காட்ட முடியாது ஆன்டி” என்றாள் ஷாமினி.

அந்தப் பதிலில் சந்திரகலாவுக்குக் கோளாறு எதுவும் தெரியவில்லை. பலகாரத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.