வைஸ்சான்சலருக்கு எதிராக ஒரு வேண்டுதல்

எங்கள் பெரிய நைனா வைஸ்சான்சலர் ஆகக்கூடாது என்று திருத்தணி முருகனிடம் மனமுருகி வேண்டிக்கொண்டவள் நான். எனக்கு அப்போது எட்டு வயசு. அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. சொல்லப்போனால் வீட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த மனுஷரே அவர்தான். அப்படி வேண்டிக்கொள்ளச் சொன்னதும் அவரேதான்.

அப்பாவை நைனா என்பதும் அப்பாவின் அண்ணனைப் பெரிய நைனா என்பதும் எங்கள் பக்கத்து வழக்கம். நைனா ஊரோடு இருந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டார். பெரிய நைனா பட்டணத்தில் ஒரு காலேஜில் சரித்திர புரொபசர். லீவுக்கு வந்து நாலு நாள் தலைகாட்டிவிட்டுப் போகிறவர், சண்டை நடந்த அந்த வருஷம் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கிவிட்டார். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியாகிக்கொண்டிருந்தது. ஊரார் எல்லாம் நகைநட்டு, பாத்திரம் பண்டம் என்று மூட்டை கட்டிக்கொண்டு ஓடினால், இவர் பெட்டி பெட்டியாகக் காகிதத்தைக் கொண்டுவந்தார். பெரியம்மாவின் வெண்கல அண்டா பட்டணத்திலேயே தங்கிவிட்டது. அதைச் சாகிறவரைக்கும் அவள் சொல்லிக்காட்டினாள்.

எங்கள் ஊரில் நந்தியாற்றங்கரையில் ஒரு பழைய சிவன் கோயில் உண்டு. எல்லோரும் முருகன் மலைக்குத்தான் ஓடுவார்கள், அங்கே ஆள் நடமாட்டம் குறைவு. பெரிய நைனா காலையில் அங்கே போனால் வெயில் தாழத்தான் வருவார். கல்வெட்டுக்கு மைப்படி எடுக்கிற வேலை. கல்லைத் தேய்த்துக் கழுவி, ஈரக் காகிதத்தை அதன்மேல் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளங்களுக்குள் காகிதத்தை இறக்குவார். அப்புறம் துணிப்பந்தில் மையைத் தொட்டு மேலாக ஒற்றுவார். கறுப்பில் வெள்ளை வெள்ளையாக எழுத்து எழும்பி வரும். மோர்ச் செம்போடு அம்மா என்னை அனுப்புவாள். நான் போனால் அங்கேயே மண்டபத்தில் படுத்துக்கொள்வேன். கல் ஜில்லென்று இருக்கும். ஆற்றில் தண்ணீர் இருக்காது, மணல்தான் வெள்ளையாகப் பரந்து கிடக்கும், அதன்மேல் காற்று ஓடுகிற சத்தம் கேட்கும். பிரஷ் பட் பட்டென்று தட்டுகிற சத்தத்தில் கண் சொருகும். அரைத் தூக்கத்தில் பார்த்தால் சுவருக்குள்ளே இருக்கிற யாரையோ அவர் தட்டிக் கூப்பிடுவதுபோல இருக்கும். உள்ளேயிருந்தும் யாரோ பதிலுக்குத் தட்டுகிறார்கள் என்று நான் நிச்சயமாக நம்பினேன்.

"இன்னா எழுதிருக்கு பெரிய நைனா?" என்று கேட்டால், கேட்டதற்கு மட்டும் சொல்வார்.

"ஒரு பொம்பளை இந்தக் கோயிலுக்கு ஆடு வுட்டு, அதுங்க நெய்யில வெளக்கு எரிய வச்சிருக்கா."

"அவ எங்க இப்ப?"

"அதத்தான் நானும் தேடிகினு இருக்கேன்."

அவர் ஒரு புஸ்தகம் எழுதிக்கொண்டிருந்தார். ராஜாக்களைப் பற்றி அல்ல. இந்தச் சீமையில் இருக்கிற ஏரிகளை யார் யார் வெட்டினார்கள், மதகு வைத்தவர் யார், கரை உடைந்தபோது மண் சுமந்தவர் யார் என்று எழுதுகிற புஸ்தகம். மணவூர்ப் பக்கம் ஒரு ஏரிக்கரையில் உடைந்த கல் ஒன்று கிடக்கிறது என்று யாரோ சொன்னார்கள் என்பதற்காக, ரயிலேறிப் போய் உச்சி வெயிலில் சேற்றில் இறங்கி நின்றுவிட்டு வந்தார். கால் இரண்டும் புண். பெரியம்மா வேப்பிலை அரைத்துப் பூசிக்கொண்டே திட்டினாள். "கல்லோட குடித்தனம் பண்றதுன்னா என்னை எதுக்குக் கட்டிகினீங்க?" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே காலை நீட்டிக் கொடுத்தார்.

இப்படி இருக்கும்போதுதான் அவருடைய சிநேகிதர் ஒருவர், இன்னொரு புரொபசர், பகல் வண்டியில் வந்து இறங்கினார். ஏதோ ஒரு யுனிவர்சிட்டிக்கு வைஸ்சான்சலர் வேண்டுமாம். இரண்டு பேர் பெயர் போயிருக்கிறதாம், அதில் ஒன்று பெரிய நைனாவுடையதாம். காபியைக் குடித்துவிட்டு அந்த மனுஷர் அடுத்த வண்டியில் போய்விட்டார். வீடு அன்றைக்குப் பற்றிக்கொண்டது.

வைஸ்சான்சலர் என்றால் என்ன என்று எங்களில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. அதனால் ஆளாளுக்கு ஒரு அளவு வைத்துக்கொண்டோம். கலெக்டர் வந்தால் உட்கார்ந்தபடியே பேசலாம் என்று நைனா சொன்னார். பங்களா, தோட்டம், மோட்டார் என்று பெரியம்மா சொன்னாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்குச் சந்தோஷம் வந்தாலும் அழுகைதான், துக்கம் வந்தாலும் அழுகைதான்.

திருத்தணியில் இருந்துகொண்டு ஒரு காரியம் நடக்கவேண்டும் என்றால் செய்வது ஒன்றுதான். நைனா ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டார். அம்மா மாவிளக்கு ஏற்றுவதாக வேண்டிக்கொண்டாள். பெரியம்மா மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டாள், அவளுக்கு அல்ல, பெரிய நைனாவுக்கு. "உங்க தலைதான, வளந்துடும்" என்றாள். என்னையும் அவள் விடவில்லை. பங்களாவுக்கு என்னை அழைத்துக்கொண்டு போவாளாம், கான்வென்ட்டில் சேர்ப்பாளாம், மோட்டாரில் அனுப்புவாளாம். நான் அந்த மோட்டாரில் ஏறி உட்கார்ந்து எத்தனையோ தரம் போய்விட்டு வந்தேன், வீட்டை விட்டு நகராமலே.

கிருத்திகை அன்று எல்லோரும் மலையேறினோம். விடியற்காலம். மலையே மஞ்சள் கட்டியதுபோல இருந்தது. காவடி மணிச் சத்தமும் பம்பைச் சத்தமும் அரோகராவும் கீழேயிருந்து புகைபோல மேலே ஏறி வந்தன. நைனா பூக்காவடியோடு ஆடிக்கொண்டே முன்னால் போய்விட்டார். பெரியம்மாவும் அம்மாவும் படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டு போனார்கள். பெரிய நைனாவுக்கு மூச்சு வாங்கிற்று. வழியில் ஒரு மண்டபத்தில் உட்கார்ந்துவிட்டார். துணைக்கு என்னை விட்டுவிட்டுப் போனார்கள்.

கீழே ஊர் சின்னதாகத் தெரிந்தது. அதற்கப்பால் ஏரிகள். ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக, வெளுத்த வானத்தின் துண்டுகள் மாதிரி கிடந்தன. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, யாராவது கேட்கிறார்களா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்.

"பாப்பா, சாமி கிட்ட எனக்காக ஒண்ணு கேப்பியா?"

"ஆங்."

"இந்த வேலை எனக்குக் கெடைக்கக்கூடாதுன்னு வேண்டிக்கோ."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அய்யய்யோ, எதுக்கு?"

"போனா திரும்பி வரமாட்டேன், கண்ணு. கூட்டம், மாலை, பேச்சுன்னு பொழுது போயிடும். இந்தப் புஸ்தகம் அப்படியே நின்னுடும். அதோ, அந்த ஏரிய வெட்டினவன் பேரு இன்னிக்கு உலகத்துல எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும். நானும் எழுதலன்னா அவன் போயிட்டான்."

"அப்ப நீங்களே வேண்டிக்கலாமே?"

மறுபடியும் ஏரிகள் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "நான் கேட்டா சாமி நம்பாது" என்றார்.

பெரியவர்கள் கேட்டால் சாமி நம்பாது, குழந்தைகள் கேட்டால்தான் நம்பும் என்று நான் அர்த்தம் பண்ணிக்கொண்டேன். எனக்கு ஏகப் பெருமை. ஆனால் மோட்டாரும் போகிறதே! நைனாவின் காவடி, அம்மாவின் மாவிளக்கு, பெரியம்மாவின் பங்களா, எல்லாவற்றுக்கும் குறுக்கே நான் ஒருத்தி போய் நிற்கவேண்டும். சந்நிதியில் கூட்டம் நெரித்தது. பெரிய நைனா என்னைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "முருகா, பெரிய நைனாவுக்கு அந்த வேலை வேணாம், அவருக்கு ஏரி இருக்குது, இன்னொருத்தருக்குக் குடுத்துடு" என்று உதடு அசையாமல் கேட்டேன். பக்கத்தில் பெரியம்மா நின்றிருந்தாள், காதில் விழுந்தால் தொலைந்தேன்.

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. தபால்காரர் தெருமுனையில் திரும்பினாலே கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். பெரியம்மா பங்களாவில் எந்த ரூமில் யார் படுப்பது என்று அம்மாவோடு பேசும்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. பாவம், பெரியம்மா இவ்வளவு ஆசைப்படுகிறாளே என்று இருக்கும். மத்தியானம் ஆற்றங்கரைக்குப் போனால் பிரஷ் சத்தம் கேட்கும், உடனே மனசு திடமாகிவிடும். படுத்தபடியே இன்னொரு தரம் முருகனுக்கு ஞாபகப்படுத்துவேன்.

ஒரு நாள் சாயங்காலம் தந்தி வந்தது. நைனா பிரித்துப் படித்துவிட்டுத் தெருவில் இறங்கிப் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். பெரியம்மா வெல்லம் அள்ளி வந்தவர் வாயில் எல்லாம் போட்டாள். அம்மா வழக்கம்போல அழுதாள். எனக்கும் அழுகை பீறிட்டு வந்தது. நான் வேண்டிக்கொண்டதில்தான் ஏதோ குறை, சரியாகக் கேட்கத் தெரியாமல் அவரைக் கவிழ்த்துவிட்டேன் என்று நினைத்தேன். பெரிய நைனா எங்கே விழுந்து கிடக்கிறாரோ, யார் அவருக்குச் சமாதானம் சொல்வது என்று பின்கட்டு அறைக்கு ஓடினேன்.

கொடியில் மைப்படிகள் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போனால், பெரிய நைனா கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தார். வேட்டிக்கு மேலே கோட்டுப் போட்டு, பொத்தானைக் கழுத்துவரைக்கும் மாட்டி, தலையில் சரிகைத் தலைப்பாகை கட்டிக்கொண்டிருந்தார். தலையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தார். கொஞ்சம் தாழ்த்திப் பார்த்தார். கண்ணாடியில் என்னைக் கண்டதும் கை அப்படியே நின்றுவிட்டது.

"நான் நெஜமா வேண்டிகினேன் பெரிய நைனா, சத்தியமா!" என்று கேவினேன்.

அவர் மண்டிபோட்டு என் கண்ணைத் துடைத்தார். தலைப்பாகை அவிழ்ந்து தோளில் விழுந்தது. "தெரியும் கண்ணு. நீ கேட்டியே, அது போதும்" என்றார். கேட்டது நடக்காமல் போனபிறகு எப்படிப் போதும்? எனக்கு ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மலைமேல் மொட்டை போட்டுச் சந்தனம் பூசி அவரை ரயிலேற்றினோம். காகிதப் பெட்டிகளும் கூடவே போயின. அந்த வேலையை அவர் நன்றாகவே செய்தார், அதையும் சொல்லிவிடவேண்டும். பெண்பிள்ளைகளுக்கு ஹாஸ்டல் கட்டினார். பையன்கள் ஸ்டிரைக் செய்தபோது போலீஸைக் கூப்பிடாமல் அவர்களோடு மரத்தடியில் உட்கார்ந்து பேசித் தீர்த்தார். தவணை முடிந்ததும் மறுபடியும் அவரையே போட்டார்கள், அதற்குப் பிறகும் போட்டார்கள். ஏரிப் புஸ்தகம் மட்டும் வரவே இல்லை. ஆனால் அதெல்லாம் பிற்பாடு. நான் சொல்ல வந்தது அவர் போன அடுத்த கோடையில் நைனாவோடு நான் அங்கே போனதை.

பெரியம்மா சொன்னது அத்தனையும் அங்கே இருந்தது. பங்களா, மாமரம், மோட்டார், மார்புக்குக் குறுக்கே டவாலிப் பட்டை போட்ட பியூன். மாடிப்படிக்கு அடியில் காகிதப் பெட்டிகளை அடுக்கி, மேலே துணி விரித்துப் பெரியம்மா பூச்சாடி வைத்திருந்தாள். பெரிய நைனா ஆபீஸ் அறையில் பெரிய மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். என்னைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார். பியூன் ஒவ்வொரு காகிதமாக வைக்க வைக்க, அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். ஜன்னலுக்கு வெளியே மாமரத்தில் காற்று அடித்தது. எனக்கு அங்கேயும் கண் சொருகிற்று.

பியூன் வெளியே போன சமயம் பார்த்து அவர் என் பக்கம் குனிந்தார்.

"பாப்பா, இன்னும் வேண்டிகினு இருக்கியா?"

"ஆங். கிருத்திகைக்குக் கிருத்திகை."

அவர் முகம் மலர்ந்ததே, அப்படி ஒரு மலர்ச்சியை மொட்டை போட்ட அன்றுகூட நான் பார்க்கவில்லை. என் கன்னத்தைத் தட்டி, "விட்டுடாதே" என்றார். பியூன் வந்தான். அடுத்த காகிதத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

திரும்பி வரும்போது, வண்டி அரக்கோணத்தை நெருங்குகையில், நைனாவைக் கேட்டேன்.

"நைனா, பெரிய நைனாவுக்கு அந்த வேலை வேணான்னா இன்னா பண்ணணும்?"

"இன்னா பண்றது? வேணான்னு ஒரு காகிதத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டா முடிஞ்சிபோச்சி. ஏன் கேக்கறே?"

"சும்மாதான்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒரே ஒரு கையெழுத்தா? என் கண்ணெதிரே அவர் போட்டதில் ஒன்றை அதற்குப் போட்டிருந்தால் ஆயிற்றே! பின்னே எதற்கு முருகனை இந்தப் பாடு படுத்துவது? யோசித்து யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. ஒருவேளை அவருக்கு இது தெரியாதோ என்னவோ என்று தோன்றிற்று. பாவமாக இருந்தது. அடுத்த கிருத்திகைக்கு மலையேறினபோது, அவருக்காக இன்னும் கொஞ்சம் உரக்கவே வேண்டிக்கொண்டேன்.