தட்டில் வைத்துக் கொடுத்த சான்றிதழ்கள்

2024ஆம் ஆண்டு மே மாதம் பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, மாலை நான்கு பத்துக்கு அவர் எங்கள் உசிலம்பட்டி வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தினார். மதுரை கோச்சடையில் அலுவலகம் வைத்துக்கொண்டு, ஒரு தனியார் கல்லூரியின் பெண்கள் கபடி அணிக்கு ஆள் சேர்ப்பவர். மாவட்டப் போட்டியில் என் தங்கை ஆடியதைப் பார்த்திருக்கிறார். அவள் அப்போதுதான் பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருந்தாள். மதுரையில் இலக்கியம் படிக்கும் நான் விடுமுறைக்கு வந்திருந்தேன்.

“பீஸ் ஒரு பைசா கட்ட வேணாம்ணே. ஹாஸ்டல், சாப்பாடு, ஷூ எல்லாம் நம்ம பொறுப்பு” என்று அப்பாவிடம் சொன்னவர், தங்கையின் பக்கம் திரும்பினார். “எம்புட்டு வெயிட்டு இருக்க பாப்பா? முட்டியில அடிகிடி பட்டிருக்கா?”

மதிப்பெண்ணை அவர் கேட்கவில்லை. என்ன படிக்க விருப்பம் என்றும் கேட்கவில்லை. என் சந்தேகம் அங்கிருந்து தொடங்கியது.

“பி.காம். கெடைக்குமா?” என்றேன்.

“எது காலியா இருக்கோ அதுல போட்டுருவோம். வெளையாட வர்ற பிள்ளைக்கு எதுல இருந்தா என்ன தங்கச்சி?”

“ரெண்டாவது வருசம் கால் ஒடஞ்சு ஆட முடியலன்னா, பீஸ் யாரு கட்டுவா?”

“ஒங்க வாயில நல்லதே வராதா?” என்று சிரித்தார். தங்கை என் முழங்கையைக் கிள்ளினாள்.

எங்கள் பக்கத்தில் வெற்றிலை பாக்குத் தட்டைக் கைமாற்றிக்கொண்டால் வாக்குக் கொடுத்தாயிற்று என்று பொருள். பெண் நிச்சயத்துக்கு உரிய அந்த முறையை அப்பா கல்லூரிச் சேர்க்கைக்கும் பொருத்தினார். மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், ஐந்து விளையாட்டுச் சான்றிதழ்கள் என எல்லா அசல்களையும் ஒரு பிளாஸ்டிக் கோப்பில் போட்டு, தட்டில் வைத்து நீட்டினார். பெற்றுக்கொண்டதாக ஒரு வரி எழுதித் தரும்படி நான் கேட்டேன்.

“தட்டுல வச்சுக் குடுத்துட்டு சீட்டுக் கேப்பாகளா? அசிங்கமா இருக்கு தாயி” என்று அப்பா என்னை அடக்கினார்.

வந்தவர் கோப்போடு போனதும் தங்கையின் பள்ளி உடற்கல்வி ஆசிரியையிடம் தொலைபேசியில் பேசினேன்.

“ஒரிஜினலயா குடுத்தீங்க? கிறுக்கா பிடிச்சிருக்கு ஒங்களுக்கு? மாசக் கடைசியில கவர்மெண்ட் காலேஜ் ஸ்போர்ட்ஸ் கோட்டா கவுன்சிலிங். ஒரிஜினல் இல்லன்னா உள்ளயே விட மாட்டாக. அந்த ஆளு கெட்டவருன்னு நான் சொல்லல. ஆனா அது அவரு கையில இருக்குற வரைக்கும் பிள்ள வேற எங்க போய்ச் சேரும்?”

அவர் கெட்டவர் என்று சொல்ல என்னிடமும் சான்று இல்லை. எழுதப்படாத ஒரு வாக்குறுதி அவருடையது. எழுதி முத்திரையிடப்பட்ட ஏழு தாள்கள் எங்களுடையவை. இரண்டும் இப்போது அவரிடமே இருந்தன.

கோப்பைத் திருப்பிக் கேட்க அப்பா மறுத்துவிட்டார். “கொடுத்த வாக்க மாத்துனான்னு நாளைக்கு ஊரே பேசும்.”

இரவுச் சாப்பாட்டின்போது தங்கை தட்டைப் பார்த்தபடி, “எனக்கு பி.காம்.தான்க்கா வேணும்” என்றாள். அதை அந்த மனிதரிடம் ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. அவளிடம் அதை யாரும் கேட்டிருக்கவில்லை.

மறுநாள் காலை முதல் பேருந்தில் நான் தனியாகக் கோச்சடைக்குப் போனேன். அவர் அன்பாகவே வரவேற்று டீ வரவழைத்தார். அவருக்குப் பின்னால் இருந்த அலமாரியில் எங்கள் கோப்பைப் போலவே இருபதுக்கு மேற்பட்ட கோப்புகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெண்ணின் பெயர். “வீட்டுக்கு ஒரு செட்டு ஜெராக்ஸ் வேணும், எடுத்துட்டு வாரேன்” என்றேன். சற்றே தயங்கி, எடுத்துக் கொடுத்தார். தாள்களை எண்ணினேன், ஏழும் இருந்தன. கோப்பைப் பைக்குள் வைத்து, ஜெராக்ஸ் கடையைக் கடந்து, உசிலம்பட்டிப் பேருந்தில் ஏறினேன்.