குன்றிலிருந்து கல் எடுத்துப் போனவர்களுக்கு

என் எழுத்துக்கு எவ்வளவு சக்தி என்று போன வெள்ளிக்கிழமை நேரில் பார்த்தேன். ரந்தாவ் பக்கத்தில், ஒரு குன்றின் மேல். பெருமைப்படுகிற விஷயம் அல்ல.

வழக்கமாகப் படிப்பவர்களுக்கு நினைவிருக்கலாம். சில மாதங்களுக்கு முன் இதே பத்தியில் ஒரு பழைய குடியிருப்பைப் பற்றி எழுதினேன். எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டத்தின் நடுவே மரம் நடாமல் விட்ட மேட்டு நிலம். அங்கே முழங்கால் உயரத்துக்குக் கற்களை வட்ட வட்டமாக அடுக்கிய குடிசைகளின் அடிச்சுவர்கள். கூரை எந்தக் காலத்திலோ மக்கிவிட்டது. யார் கட்டினார்கள்? தெரியாது. இந்த நாட்டுக்கு ரப்பர் வருவதற்கு வெகுகாலம் முன்பு வாழ்ந்தவர்களாக இருக்கலாம் என்கிறார்கள்.

எழுதியதற்குக் காரணம் உண்டு. பழைய மரங்களைச் சாய்த்துவிட்டுப் புதிதாக நடும் மறுநடவில் அந்த மேட்டையும் சேர்க்கத் தோட்ட நிர்வாகம் முடிவு செய்திருந்தது. புல்டோசர் ஏறினால் தீர்ந்தது கதை. "தொல்லியல் அதிகாரி வந்து பார்த்து, காக்க வேண்டிய இடம் என்று சொல்லட்டும்... விட்டுவிடுகிறேன்" என்றார் மேனேஜர். நாலு பேருக்குத் தெரிந்தால் அதிகாரி சீக்கிரம் வருவார் என்று கணக்குப் போட்டேன்.

அதிகாரி வந்தார். அதற்குள் நாலு பேரும் வந்து போயிருந்தார்கள்.

அதிகாரியையும் என்னையும் காரில் ஏற்றிப் போனவர், ரந்தாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஹமீது பாய். மேலே ஏறியதும் அவர்தான் முதலில் வாய் திறந்தார்.

"என்னா சார், காட்டுப்பன்னி கெளறுன மாதிரி கெடக்கு?"

வட்டங்கள் இல்லை. பள்ளங்கள்தான் இருந்தன. அங்கங்கே கற்பூரக் கரி, குங்குமம். அதிகாரி அஸ்லினா — சின்ன வயசு மலாய்ப் பெண் — என்னை மாமா முறை வைத்து மலாயில் கேட்டார். "பாக்சிக், கல் எங்கே?"

பதில் மேட்டின் மறுமுனையில் இருந்தது. ஒருவர் குனிந்து மஞ்சள் துணியில் ஒரு கல்லைச் சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மனைவி, கையில் சொம்பு.

"சார்! நீங்கதானே? பேப்பர் படத்துல இருக்கிற மாதிரியே இருக்கீங்க!"

"அது பழைய படம் லா," என்றார் ஹமீது பாய்.

பெயர் சேகராம். சிரம்பானில் தாமான் என்கிற வரிசை வீட்டுக் குடியிருப்பில் வீடு. "நாங்க இருந்த தோட்டத்த வித்தப்போ தாத்தா வச்ச முனியாண்டிய அப்படியே விட்டுட்டு வந்துட்டோம் சார். பிடிமண்ணு கூட எடுக்கல. இப்போ அந்த எடத்துல ஹைவே ஓடுது. நீங்க எழுதினத படிச்சிட்டு இவ அழுதுட்டா."

அப்படி என்ன எழுதினேன்? கடைசி வரி. 'இந்தக் குன்றின் ஒவ்வொரு கல்லிலும் ஒரு முனியாண்டி காவல் இருக்கிறார்.'

யாரும் என்னிடம் அப்படிச் சொல்லவில்லை. அந்தத் தோட்டத்தில் அப்படியொரு நம்பிக்கையும் இருந்ததில்லை. முடிக்க ஒரு வரி தேவைப்பட்டது, அழகாக வந்தது, எழுதிவிட்டேன். 'தெரிந்ததை மட்டும் எழுது' என்று வகுப்பில் ஆயுள் முழுக்கச் சொன்னவன் நான்.

பழைய கோயிலிலிருந்து ஒரு பிடி மண் கொண்டுபோய்ப் புது இடத்தில் சாமி வைப்பது நம் வழக்கம். அந்த ஒரு பிடி மண்ணையும் எடுக்காமல் டவுனுக்கு வந்துவிட்ட உறுத்தலோடு எத்தனை குடும்பங்கள்! அவர்களுக்குக் கல்லையும் காட்டி, வழியையும் எழுதியிருக்கிறேன்.

சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னேன்.

அந்த அம்மா கேட்டார். "அப்போ இதுல சாமி இல்லீங்களா சார்?"



"கேக்கிறாங்கல்ல, சொல்லுங்க," என்றார் ஹமீது பாய்.

"அது நானா சேர்த்த வரிம்மா. தப்பு என்னோடது."

அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை, கல்லைப் பார்த்தார். "மஞ்சத் தண்ணி ஊத்தி நான் கூப்பிட்டுட்டேன் சார். வந்தவர எப்படிப் போன்னு சொல்றது?"

அஸ்லினாவுக்கு எல்லாவற்றையும் மலாயில் சொன்னேன், என் வரி உட்பட. அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். தனிக் கல் எதையும் சொல்லாது, எந்தக் கல்லுக்குப் பக்கத்தில் எந்தக் கல் இருந்தது என்பதுதான் வீடு என்றார். இப்போதிருக்கும் நிலையில் மேனேஜருக்குச் சொல்ல அவரிடம் ஒன்றுமில்லை.

சேகர் கல்லைத் தூக்கிக்கொண்டு பள்ளம் பள்ளமாகப் போனார். "இங்கதான் எடுத்தேன்... இல்ல, அங்க..." திடீரென்று கல்லை இறக்கிவிட்டு ஃபோனை எடுத்தார். "இருங்க, இருங்க. தோண்டுறதுக்கு முன்னாடி இவள நிக்க வச்சு ஒண்ணு எடுத்தேன்."

படத்தில் மனைவி சிரித்துக்கொண்டிருந்தார். அஸ்லினா அவர் முகத்தைத் தாண்டிப் படத்தைப் பெரிதாக்கினார். தோளுக்குப் பின்னால் ஒரு வட்டம், வாசலுக்கு விட்ட இடைவெளியோடு. பாதியை அந்த அம்மாவின் சேலை மறைத்திருந்தது.

"கொஞ்சம் தள்ளி நின்னிருக்கக் கூடாதாம்மா!" என்றார் ஹமீது பாய்.

இந்த மாதிரிப் படங்கள் நிறையக் கிடைத்தால், எந்தக் கல் எங்கே இருந்தது என்று வரைந்துவிடலாம், அதை வைத்து மேனேஜரிடம் பேசலாம் என்கிறார் அஸ்லினா. ஆனால் தீபாவளி கழிந்ததும் புல்டோசர் ஏறிவிடும்.

ஆகவே, கல் எடுத்துப் போனவர்களே... யாரையும் குறை சொல்லவில்லை. உங்களை அனுப்பியவனே நான்தான். சாமி அவர் பாட்டுக்கு உங்கள் வீட்டில் இருக்கட்டும், அதைப் பிறகு பேசுவோம். முதலில் குன்றில் எடுத்த படத்தை இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்கள்.

நீங்கள் நன்றாக விழாத படமாகப் பார்த்து அனுப்பினால் இன்னும் நல்லது.