மூன்றாவது வரியில் ஒரு பாலம்

“அண்ணா, பஸ்சு தண்ணிக்குள்ள போகுது. என்ன செய்யணும்?”

நேற்று மத்தியானம் சோற்றில் கை வைத்த நேரத்தில் போனில் வந்த செய்தி இது. யார், எந்த ஊர், ஒன்றும் இல்லை. கோபம்தான் வந்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் ஈயம் உருகும் வாசனை வந்துவிட்டது, ரசத்தின் வாசனையையும் மீறி. பாளையங்கோட்டையில் நான் முதன்முதலாக வேலை பார்த்த கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையின் வாசனை அது.

அந்தக் கடையில் நானும் காதரும்தான் வேலையாட்கள். காதருக்கு மேலப்பாளையம்; அவனுடைய காக்காமார், அதாவது அண்ணன்மார், எல்லாரும் வளைகுடாவில். கடை அண்ணாச்சி சாப்பிட வீட்டுக்குக் கிளம்பியதும், யாரோ திரும்ப வாங்க வராமல் விட்டுப்போன ஒரு பழைய கம்ப்யூட்டரில் எங்கள் சொந்த வேலை தொடங்கும். பஸ் ஓட்டுகிற விளையாட்டு ஒன்று உண்டு, உங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஆடிப் பார்த்திருப்பீர்கள். அதில் வருவதெல்லாம் பனி பெய்கிற ஊர்களும் ஆளே இல்லாத சாலைகளும். நம்மூர்ப் பஸ்ஸையும் ரோட்டையும் நாமே செய்து அதில் சேர்க்கலாம். மோட் என்பார்கள். எவரும் சம்பளம் தருவதில்லை. வேண்டியவர்கள் சும்மா எடுத்துக்கொள்ளட்டும் என்று போட்டு வைப்பதுதான்.

பஸ்ஸும் அது ஓடுகிற ரோடும் என் பொறுப்பு. எங்கள் ஊருக்கு ஸ்ரீவைகுண்டம் வழியாக வருகிற பச்சைப் பஸ். ஜன்னலில் தகர ஷட்டர், ஓட்டுநர் தலைக்கு மேலே சீரியல் பல்பு. காதர் செய்தது பாலம். ஊருக்குள் நுழைய ஆற்றின் மேல் ஒரு பழைய பாலம் இருந்தது. ஒரு பஸ்தான் போகலாம். எதிரே பஸ் வந்தால் அது அக்கரையில் நிற்கும். கண்டக்டர் இறங்கி விசிலடித்துக்கொண்டே முன்னால் நடப்பார். அந்த எதிர்ப் பஸ் நிற்பதையும் விசிலையும் காதர் அப்படியே கொண்டுவந்தான். தூணில் வெள்ளம் ஏறிய கறை, கைப்பிடிச் சுவரில் காயும் வேட்டி, எதையும் விடவில்லை. பாலம் மட்டும் கனத்துவிட்டது. பஸ்ஸோடு சேர்த்து ஒரே கோப்பாகப் போட்டால் சாதாரணக் கம்ப்யூட்டர் எல்லாம் திணறி நின்றது. எனவே தனித்தனியாகக் கொடுத்தோம்: முதலில் பாலத்தைப் போட வேண்டும், பிறகு பஸ்ஸை.

எப்படிப் போடுவது என்ற குறிப்பை நான் எழுதினேன். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பா வாழைத்தார் ஏற்றுகிறவர். பஸ்ஸை நிறத்தை வைத்தே அடையாளம் கண்டு ஏறுவார். அம்மா புதுக் குக்கர் வாங்கிய அன்று அடுப்பில் வைக்க மறுத்துவிட்டாள். “அந்தத் தாள்ல என்ன போட்டுருக்குன்னு மொதல்ல வாசி. ஒரு வரி விடாத” என்றாள். உத்தரவாத அட்டை வரைக்கும் வாசித்தேன். ஆக, எழுதியதை ஜனங்கள் வாசிப்பார்கள் என்று நான் நம்பியதில் என்ன ஆச்சரியம்? என் குறிப்பு “அன்புடையீர், வணக்கம்” என்று ஆரம்பித்தது.

காதர் படித்துவிட்டு, “கல்யாணப் பத்திரிகையாலே அடிக்க?” என்றான்.

மூன்றாவது வரியில் பாலத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அந்த வரி வரைக்கும் எவனும் வரவில்லை. எல்லாரும் பஸ்ஸை மட்டும் போட்டார்கள். பாலம் இல்லாத இடத்தில் ரோடு முடிய, பஸ் நேராகத் தாமிரபரணிக்குள் இறங்கியது. ‘டுபாக்கூர் மோட்’, ‘ஏமாத்து வேலை’ என்று கமெண்ட் குவிந்தது. சாத்தான்குளத்துப் பையன் ஒருவன், ஆடுவதை நேரலையில் காட்டிப் பேர் வாங்கியவன், எங்கள் பஸ்ஸை ஆற்றில் இறக்கிவிட்டு, “பாத்தீங்களா மக்களே! பாலமே இல்லாம ரோடு போட்டுருக்கானுவ கோட்டிப்பயலுவ” என்று சிரித்தான்.

காதர் சிரிக்கவில்லை. அப்போது அவனுக்கு விசா வந்திருந்தது. “நான் போறதுக்குள்ள ஒருத்தனாவது அந்தப் பாலத்துல போவான்னு பாத்தேன். இனிமே வேண்டாம்லே, அழிச்சிருதேன்” என்றான்.

“நீ ஏம்லே அழிக்கணும்? படிக்காதது அவனுவ.”

“அப்ப என்ன, வீடு வீடாப் போயி வாசிச்சுக் காட்டப் போறியா?”

வீடு வீடாகப் போக வேண்டியதில்லை, அவர்கள் எல்லாரும் வந்து சேர்கிற இடம் ஒன்றுதானே என்று எனக்குத் தோன்றியது. ஆற்றின் அடியில், பஸ் போய் உட்காருகிற இடத்துக்கு நேர் எதிரே, ஊர்ப்பேர் எழுதுவார்களே அதே மாதிரி மஞ்சள் பலகை ஒன்றை நட்டேன். கறுப்பு எழுத்தில்: ‘பாலம் போடலையா? மூணாவது வரியப் படிலே.’

“மரியாதையா எழுதுலே” என்றான் காதர்.

“தண்ணிக்குள்ள என்னலே மரியாதை?”

திமிர் பிடித்தவன் என்று திட்டினார்கள். ஆமாம், திமிர்தான். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே அமுக்கில் வருகிற மாதிரி கொடு என்றார்கள். முடியாது என்றேன். வாசிக்கத் தெரியாத என் அம்மா உட்கார்ந்து கேட்ட அளவுக்குக்கூட, வாசிக்கத் தெரிந்தவன் கண்ணை ஓட்ட மாட்டான் என்றால், ஆற்றில் கிடக்கட்டும்.

சாத்தான்குளத்துப் பையன் மறுபடியும் கேலி செய்ய வந்தான். பஸ் முங்கியது. ஹெட்லைட் வெளிச்சத்தில் மஞ்சள் பலகை. அதை வாய்க்குள்ளேயே வாசித்தான். பிறகு, “யோவ்… நம்மளத்தான் சொல்லுதான்வே” என்று விழுந்து விழுந்து சிரித்தவன், சிரித்துக்கொண்டே குறிப்பைத் திறந்து, மூன்றாவது வரியை உரக்க வாசித்து, பாலத்தைப் போட்டான். ஊர்ந்து ஊர்ந்து பாலத்தில் ஏறினான். அக்கரையில் எதிர்ப் பஸ் நின்றது. விசில் கேட்டது.

காதர் வாயில் கவ்வியிருந்த ஸ்க்ரூடிரைவரை எடுக்கவில்லை. அப்படியே என் தோளைப் பிடித்து அமுக்கினான். பாலத்தை அவன் அழிக்கவில்லை.

அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது போன் உறை விற்கிறார்கள். பச்சைப் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். ஆற்றில் அகலமான புதுப் பாலம் வந்தது. எவனும் எவனுக்காகவும் அக்கரையில் நிற்க வேண்டியதில்லை. பழையதைத் தூணோடு இடித்துவிட்டார்கள். காதர் ஊருக்கு வந்தபோது புதுப் பாலத்தில் வண்டியை நிறுத்தி ஆற்றைப் பார்த்தான்.

நேற்று வந்த செய்திக்கு நான் பதில் போடவில்லை. பஸ் ஆற்றுக்குள் போய்விட்டது அல்லவா, பலகை கண்ணில் படும். அந்தப் பழைய பாலத்தில் போக இன்றைக்கு வேறு வழி கிடையாது. மூன்றாவது வரியைப் படித்துத்தான் ஆக வேண்டும்.