படத்தில் மட்டும் சேர்ந்து அடித்தவர்கள்

அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பேச்சு நின்றபோது நான் தோட்டத்துப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். இப்போது அதே பள்ளியில் படிப்பிக்கிறேன். இன்னும் அவர்களுக்குள் பேச்சில்லை.

ராகலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். தொழிலாளர் வரிசை வீடுகளில் அப்பா மேல் லயம், சித்தப்பா கீழ் லயம். இரண்டு பேருமே தப்புப் பறை அடிப்பவர்கள், ஆளுக்கொரு தப்பு செட் வைத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் ஒரே செட்டாகத்தான் இருந்தது. ஒரு வருஷம் காமன் கூத்து நடந்துகொண்டிருக்கையில் மழை தூறி அப்பாவின் தப்பில் தோல் தொய்ந்துவிட்டது. பக்கத்தில் நின்ற சித்தப்பா ஒரு அடிகூட விடாமல் முன்னால் வந்து கூத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். விடியும்வரை அவர்தான் அடித்தார். "என் எடத்தப் புடுங்கிட்டான்" என்பது அப்பாவின் கட்சி. "கூத்து பாதில நிக்காம மானத்தக் காப்பாத்துனேன்" என்பது சித்தப்பாவின் கட்சி. இரண்டு கட்சியும் எனக்கு மனப்பாடம். இரண்டிலும் நியாயம் இருப்பதுதான் என்னைக் கொல்கிறது. ஒருவர் மேலாவது முழுதாகக் கோபப்பட முடிந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

இதற்குள் ஹட்டனிலிருந்து ஒரு இளைஞர் வந்து சேர்ந்தார். குறும்படம் எடுப்பவர். இரண்டு வாத்தியக் குடும்பங்களின் போட்டியைப் பற்றி அயர்லாந்துப் படம் ஒன்று பார்த்தாராம். சிரிப்பும் அழுகையும் கலந்த படம். "அத அப்பிடியே நம்ம மலையில எடுக்கலாம் டீச்சர். நீங்கதான் ரெண்டு வீட்டுலயும் பேசணும்" என்றார். முடியாது என்றுதான் முதலில் சொன்னேன். ஆனால் கேமராவுக்காகவாவது இரண்டு பேரும் ஓரிடத்தில் நின்றால் என்ன என்ற ஆசை எனக்குள்ளும் இருந்தது. அந்த ஆசையை இன்றுவரை திட்டிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் அந்தப் படத்தை அவர்களுக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்றார். யார் வீட்டில் போடுவது? மற்றவர் வரமாட்டார். கடைசியில் பிள்ளைக் காம்பராவைக் கேட்டு வாங்கினோம். பகலில் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகும் அறை அது. ஞாயிற்றுக்கிழமை சும்மா கிடந்தது. அங்கே மடிக்கணினியை வைத்து, அப்பாவை ஒரு ஓரத்திலும் சித்தப்பாவை மறு ஓரத்திலும் உட்காரவைத்தோம். இருவரும் குழந்தைகளின் பெஞ்சில் முழங்காலை நெஞ்சுவரை மடக்கிக்கொண்டு முறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள்.

படத்தில் பச்சை மலை, மூடுபனி, ஓயாத மழை. அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "நம்ம ஊரு மாதிரியே இருக்கு. ஆடுதான் கொஞ்சம் கூட" என்றார். ஒரு வீட்டுக்காரர் பிடில் வாசித்தார், இன்னொரு வீட்டுக்காரர் புல்லாங்குழல் வாசித்தார். பிடில்காரர் பெரிய வீம்பு பிடித்த மனுஷன். கல்யாண வீட்டில்கூட மற்றவர் வாசிப்பதை நிறுத்தினால்தான் சாப்பிடுவேன் என்று பட்டினி கிடப்பார். அதைப் பார்த்து அப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். "அப்பிடியே அவனேதான்!" என்று அம்மாவின் காதில் சொன்னார். அதே நேரத்தில் மறு ஓரத்தில் சித்தப்பாவும் சிரித்தார். "அச்சு அசல் எங்க அண்ணன்தான்!"

படம் முடியும்போது இரண்டு குடும்பங்களும் சேர்ந்து வாசித்தன. அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இதெல்லாம் சும்மா. படம் முடியணுமேன்னு சேத்து வச்சிட்டான்" என்றார் அப்பா.

"அதான்" என்றார் சித்தப்பா, யாரையும் பார்க்காமல்.

அத்தனை வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

இருந்தாலும் நடிக்கச் சம்மதித்தார்கள். ஒருவர் சம்மதித்தது தெரிந்ததும் மற்றவரால் மறுக்க முடியவில்லை. சண்டைக் காட்சிகளைத் தனித்தனியாக எடுத்தோம். வசனமே எழுதத் தேவைப்படவில்லை. அப்பா கேமராவைப் பார்த்துத் தம்பியைத் திட்டிய திட்டில் இயக்குநர் வாய்பொத்திச் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

கடைசிக் காட்சிக்கு மட்டும் இரண்டு செட்டும் கோயில் மைதானத்தில் சேர்ந்து அடிக்க வேண்டும். தோல் விறைக்கத் தப்பைக் காய்ச்ச ஒரு நெருப்பு மூட்டினால் போதும். ஆனால் இரண்டு நெருப்பு எரிந்தது. அப்பா தொடங்கட்டும், சித்தப்பா பதில் அடிக்கட்டும் என்றார் இயக்குநர்.

"நான் ஏன் பதில் அடிக்கணும்?" என்றார் சித்தப்பா.

சரி, மாற்றிக்கொள்வோம் என்றதும் அப்பா தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டார். நான் ஓடிப்போய் மறித்தேன். "ரெண்டு பேரும் ஒன்னா ஆரம்பிங்கப்பா. எனக்காக" என்றேன். என் குரல் கெஞ்சியது எனக்கே பிடிக்கவில்லை.

ஒன்றாகத்தான் ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரம் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரே கை அடிப்பதுபோல இருந்தது. பிறகு அப்பா வேகத்தைக் கூட்டினார். சித்தப்பா அதற்கு மேல் கூட்டினார். ஆடிக்கொண்டிருந்தவர்கள் கால் பின்னி ஒருவர்மேல் ஒருவர் மோதினார்கள். அதற்குள் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி மைதானத்தை மூடியது. அப்பாவின் தப்பு மறுபடி தொய்ந்தது. நனைந்த சாக்கில் அடிப்பதுபோலச் சத்தம் அமுங்கியது. சித்தப்பாவின் தப்பு மட்டும் கணீரென்று கேட்டது.

சித்தப்பா அண்ணனின் தப்பைப் பார்த்தார். கையை நிறுத்தினார்.

இவ்வளவு வருஷம் கழித்து அவர் அண்ணனுக்காக விட்டுக்கொடுக்கிறார் என்று நினைத்தேன். அப்படித்தான் இருக்க வேண்டும்.

அப்பா நேராக அவரைப் பார்த்துக் கத்தினார். "எதுக்குடா நிப்பாட்டுன? என் மேல எரக்கப்படுறியா?"

"அடிச்சாலும் குத்தம், நிப்பாட்டுனாலும் குத்தமா?" என்றார் சித்தப்பா.

அவ்வளவுதான். ஒருவர் மேலேயும் ஒருவர் கீழேயும் போய்விட்டார்கள். இரண்டு பாதைக்கும் நடுவில் நின்று, "ரெண்டு பேரும் பேசிட்டீங்களே, அதாச்சும் தெரியுதா?" என்று கத்தினேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆத்திரத்தில் அழுதேன். இயக்குநர் பாவம், ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் பிளேன்டீ கொண்டுவந்து நீட்டினார். அதையும் வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பிறகு அவர் இரண்டு பேரையும் வேறு வேறு நாளில் தனித்தனியாக அடிக்கவைத்து, வெட்டி ஒட்டிக் காட்சியை முடித்தார். ஹட்டனில் ஒரு மண்டபத்தில் திரையிட்டபோது தோட்டமே வேன் பிடித்துப் போனது. திரையில் அண்ணனும் தம்பியும் எதிரெதிரே நின்று அடித்தார்கள். ஒருவர் சிரிக்க மற்றவர் சிரித்தார். அப்பா உண்மையில் சிரித்தது கேமராவுக்குப் பின்னால் ஓடிய ஒரு நாயைப் பார்த்து. மண்டபம் எழுந்து கைதட்டியது. பக்கத்து லயத்து அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வழியா சேந்துட்டாங்களே டீச்சர்" என்று அழுதார். நான் கைக்குட்டையை எடுத்து நீட்டினேன். அப்பாவும் சித்தப்பாவும் வெவ்வேறு வேனில் திரும்பினார்கள்.

அடுத்த மாதம் நோட்டன் பிரிட்ஜிலிருந்து ஒரு கோயில் கமிட்டித் தலைவர் படத்தைப் பார்த்துவிட்டுப் போன் செய்தார். திருவிழாவுக்கு அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒன்றாக வர வேண்டுமாம். மேலேயும் கீழேயும் ஏறி இறங்கிக் கேட்டேன். "அவன் வர்றதா இருந்தா நான் வரல" என்றார் அப்பா. "அண்ணன் வந்தா எனக்கு அங்க என்ன வேல?" என்றார் சித்தப்பா.

தலைவரிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் நம்பவில்லை.

"வர விருப்பமில்லைன்னா நேரா சொல்லிருங்க டீச்சர். பொய் எதுக்கு? ரெண்டு பேரும் சேந்து அடிச்சத நாங்க கண்ணால பாத்தோமே."

"அது ஒட்டுனதுங்க" என்றேன்.

"எத ஒட்டுனது?"

விளக்கத் தொடங்கினேன். பாதியில் போனை வைத்துவிட்டார். வேறு தோட்டத்து செட் ஒன்று போனதாகக் கேள்விப்பட்டேன். நன்றாக அடித்தார்களாம். அதை அப்பாவிடம் சொன்னபோது அவர் விறகு பிளக்கப் போனார்.

அந்தக் கடைசிக் காட்சியை அம்மா தன் போனில் ஏற்றி வைத்திருக்கிறார். சமைக்கும்போது அடுப்புத் திட்டில் சாய்த்து வைத்துத் திரும்பத் திரும்பப் போடுவார். "சத்தத்தக் கொற" என்று அப்பா வெளியிலிருந்து கத்துவார். அம்மா கூட்டுவார். நான் பரீட்சைத் தாள்களை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய் உட்கார்ந்து திருத்துவேன்.