ராசன் அண்ணனின் பட்டனும் என் பச்சைப் புள்ளியும்

இன்று காலை பதினொரு மணிக்கு ஒரு பொய் சொல்லிவிட்டேன். தெரியாமல்தான்!

சல்லி என்ற கடலோரக் கிராமத்தில் ஒரு மீனவர் சங்கத்துக்கு, கடலில் படகுகள் எங்கே நிற்கின்றன என்று காட்டும் சொஃப்ட்வெயார் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இப்போது பரீட்சார்த்தமாக ஓடுகிறது. சங்க அறையில் நான், ஒரு கணினி, ஒரு ஃபேன். (ஃபேன் பாதி நாள் லீவு.)

கணினியில் இரண்டு புரோகிராம்கள். ஒன்று படகுகள் அனுப்பும் மெசேஜை வாங்கும். மற்றது அதை மெப்பில், அதாவது வரைபடத்தில், புள்ளியாகக் காட்டும். நடுவில், ஒன்று எழுத மற்றது வாசிக்க, இரண்டுக்கும் பொதுவான ஷெயார்ட் மெமரி.

அதில் படகுக்கு ஓர் இடம். புது மெசேஜ் வந்தால் பழையதன் மேலேயே எழுதிவிடும். பழைய இருப்பிடம் யாருக்கு வேண்டும் என்று நினைத்துச் செய்த டிசைன். பெருமைப்பட்டும் கொண்டேன்!

அப்போதுதான், கடலுக்குப் போயிருந்த மீனவர் ராசன் அண்ணனின் மனைவி சாந்தி அக்கா வந்தார்.

"தங்கச்சி, அவருக்குப் போன் அடிச்சாப் போகுதில்லை. ஆள் எங்க நிக்கிறார்?"

"பச்சையாத்தான் காட்டுது அக்கா. ஓடிக்கொண்டிருக்கிறார். ஒரு பிரச்சினையும் இல்லை."

அக்கா ஸ்கிறீனை உற்றுப் பார்த்தார்.

"எந்தப் பக்கம் போறார்?"

"கிழக்கால."

"இந்த நேரத்துக்குக் கரைக்கு வாற மனுசன். கரையிலயிருந்து கடலுக்கு அடிக்கிற கச்சான் காத்து வேற. அவர் ஓடேல்ல தங்கச்சி, காத்து இழுத்துக்கொண்டு போகுது!"

ராசன் அண்ணனின் படகில் வயர்லஸ் இல்லை. ஆபத்து என்றால் அழுத்த நான் கொடுத்த ஒரு பட்டன்தான். அழுத்தினால் புள்ளி சிவப்பாக வேண்டும். ஆகவில்லையே!

வந்த மெசேஜ் எல்லாம் பதிவாகும் லாக்கைத் திறந்தேன். 'உதவி' மெசேஜ் வந்தே இருந்தது. ஒரு மணித்தியாலத்துக்கு முன்பே!

படகின் கருவி நொடிக்கு ஒரு முறை இருப்பிடத்தை அனுப்பும். மெப்போ நிமிடத்துக்கு ஒரு முறைதான் மெமரியைப் பார்க்கும். (கணினி சூடாகிறதே என்று நான்தான் அப்படி வைத்தேன்.) மெப் பார்ப்பதற்குள் அடுத்த இருப்பிடம் வந்து 'உதவி'யின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது.

அக்காவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. சங்கத்தின் வயர்லஸை எடுத்தேன். பக்கத்தில் தெரிந்த புள்ளி, கிண்ணியா ஊர்க்காரர் நஸீர் நானாவின் படகு. (நானா என்றால் அண்ணன்.)

"நானா, ராசன் அண்ணன்ட எஞ்சின் நிண்டுட்டுது போல. இடத்தைச் சொல்றன், உடன போக ஏலுமா?"

"ஓம் தங்கச்சி, இந்தா திருப்பிட்டன்."

இரண்டு புள்ளிகளும் ஒன்றுசேரும் வரை அக்கா கதிரையில் உட்காரவேயில்லை. நானும்தான்.

பின்னேரம் ராசன் அண்ணனின் படகைக் கயிறு கட்டி இழுத்துவந்து கரை சேர்த்தார்கள். நான் மன்னிப்புக் கேட்க ஓடினேன். இனி 'உதவி'க்குத் தனி இடம், வாசித்ததாகப் பதில் போகும் வரை அதன்மேல் எதுவும் எழுதாது என்றெல்லாம் சொல்ல ஆயத்தமாகத்தான் போனேன்.

ராசன் அண்ணன் முந்திக்கொண்டார்.

"குறை நினைக்காதேங்கோ தங்கச்சி. நான்தான் பட்டனைச் சரியா அமத்தேல்ல போல."

பிறகு லாக்கில் எண்ணிப் பார்த்தேன் நண்பர்களே.

பதினேழு முறை அழுத்தியிருக்கிறார். பதினேழும் சரியாக வந்திருக்கிறது.